எந்த விரல்

தகேமுரா எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் என் மகள் சொன்ன ஒரு பொய். அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. நாங்கள் அவளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம்.

1998 அக்டோபர். சன்னிவேல் நூலகத்தில் பிள்ளைகளுக்கான பகுதி. எனக்கு எச்-4 விசா, வேலைக்குப் போகக் கூடாது. பள்ளி விட்டதும் ஜெபினாவை அங்கே கூட்டிப்போய் உட்கார்ந்துவிடுவேன். அவள் படிப்பாள். நான் படங்களைப் பார்ப்பேன்.

அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் ஒரு ஜப்பானியக் கிழவி உட்கார்ந்திருந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது. முன்னால் மேசையில் ஒரு தீப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். குச்சிகளை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, வெறும் பெட்டிதான். இந்திய முகமாகத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணிடமும் எழுந்துபோய் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"மன்னிக்கணும். தீப்பெட்டி செய்திருக்கிறீர்களா?"

"நாங்க லைட்டர்தான் யூஸ் பண்றோம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

என்னிடம் வந்தபோது நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் ஜெபினா துள்ளி எழுந்துவிட்டாள். "மை தாத்தா ஓன்ஸ் எ மேட்ச் ஃபேக்டரி! மை மாம் நோஸ் எவ்ரிதிங்!"

அந்த அம்மாள் என் எதிரே நேராக நின்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுக்காக என் வாழ்க்கையில் ஒருவர் குனிந்தது அதுதான் முதல் தடவை.

உண்மை இதுதான். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் அப்பா அதன் முதலாளி இல்லை. மூட்டை தூக்கினார். நான் ஏழு வயதிலிருந்து பதினைந்து வரை அங்கே பெட்டி ஒட்டினேன். அதற்குப் பிறகு மிஷன் ஆஸ்டல், பிளஸ் டூ, டைப்பிங், கல்யாணம். என் வீட்டுக்காரர் மோசஸுக்கும் அதே தெருதான். அவருடைய அம்மாவும் அதே ஆபீஸ்தான். மிஷன் பணத்தில் என்ஜினீயரிங் படித்து இங்கே வந்து கம்ப்யூட்டரில் இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறு சரிபார்க்கும் வேலையில் இருந்தார்.

இந்த ஊருக்கு வந்த முதல் தேங்ஸ்கிவிங் அன்று, தமிழ் சபைக்காரர்கள் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். சாப்பாட்டு மேசையில் அவரவர் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவருக்கு அப்பா காலேஜ் பிரின்சிபால். ஒருவருக்கு மாமனார் வேலூரில் டாக்டர். முறை எங்களிடம் வந்ததும் மோசஸ் சட்டென்று சொன்னார்: "எங்க மாமனாருக்கு மேட்ச் ஃபேக்டரி."

காரில் ஏறியதும் கேட்டேன். "என்னங்க இது?"

"வாயில வந்துருச்சு ராணி. விடு."

விட்டேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. சபையில் நான் கிருபாராணி இல்லை, ஃபேக்டரிக்காரர் மகள்.

நூலகத்தில் முகவரி வாங்கிக்கொண்டு போன தகேமுரா, சனிக்கிழமை காலையில் ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது என்றார். ஒரு கையில் தக்காளி போலச் சிவந்த ஏதோ பழம் ஒரு பை, இன்னொரு கையில் துணியில் முடிந்த ஒரு மரப்பெட்டி. மோசஸ் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். "கம் கம் மேடம், காபி?" என்று ஓடினார். ஜெபினா விருந்தாளிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். என் ஆங்கிலமும் அந்த அம்மாளின் ஆங்கிலமும் துண்டுதுண்டாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேருமே துண்டுகளாகப் பேசினால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தடுமாறினால் ஜெபினா எடுத்துச் சொன்னாள்.

அவர் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எழுதுகிறவர். சொந்தமாக ஒன்பது. ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனது முப்பத்தாறு. இப்போது முப்பத்தேழாவது. அமெரிக்கக்காரி ஒருத்தி எங்கள் ஜில்லாவில் இரண்டு வாரம் தங்கிப்போய் எழுதிய கதை அது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு சிறுமி அதில் வருகிறாள். தகேமுரா நாற்பத்தோராம் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வரி" என்று படித்துக் காட்டினார். 'அவள் விரலைப் பசையில் தொட்டு, நீலத்தாளைப் பெட்டியைச் சுற்றி ஒட்டினாள்.' "எந்த விரல்?"

மோசஸ் சிரித்தார். "ஏதோ ஒரு விரல் மேடம்!"

"எழுதியவரும் அதைத்தான் பதிலாக அனுப்பினார். ஆனால் டோக்கியோவில் படம் வரைகிறவர் திங்கட்கிழமைக்குள் கேட்கிறார். ஏதோ ஒரு விரலை எப்படி வரைவது?"

பிறகு அவர் தன்னுடைய பழைய தப்பு ஒன்றைச் சொன்னார். 1958இல் அவர் மொழிபெயர்த்த முதல் புத்தகம். பண்ணை வீட்டுச் சிறுமி ஒருத்தி வெண்ணெய் கடைவாள். இவர் பிறந்த ஊரில் வெண்ணெயும் கிடையாது, கடைவதும் கிடையாது. அடுப்பில் பாலை வைத்துக் கரண்டியால் கிளறினாள் என்று எழுதிவிட்டார். படம் போட்டவரும் கரண்டியைத்தான் போட்டார். புத்தகம் நன்றாக விற்றது. அடுத்த வருஷம் ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் முப்பது பேர் மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம் கிளறினோம். வெண்ணெய் வரவில்லை. பால் தீய்ந்துவிட்டது. டீச்சர் அழுகிறார். நாங்கள் என்ன தப்புச் செய்தோம்?

"பிள்ளைகள் என்மேல் சந்தேகப்படவில்லை. தங்கள் கையைச் சந்தேகப்பட்டார்கள்" என்றார். "அதற்குப் பிறகு, புத்தகத்தில் யாராவது ஒரு வேலை செய்தால், அதை என் கை செய்து பார்க்காமல் நான் எழுதுவதில்லை."

ஆடு கறந்திருக்கிறார். கூரையில் ஏறி ஓடு மாற்றியிருக்கிறார். வைக்கோல் பரணிலிருந்து குதிக்கும் ஒரு காட்சிக்காகக் குதித்து, ஐம்பது வயதில் மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார். மடங்காத அந்த மணிக்கட்டை ஜெபினாவிடம் நீட்டினார். அவள் அதைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்கள் முதலாளி மகள். செய்திருக்க மாட்டீர்கள். பார்த்திருப்பீர்கள் இல்லையா?"

"யெஸ் யெஸ், ஷி ஒன்லி சா" என்றார் மோசஸ். என்னைப் பார்த்துத் தமிழில், "எதையாவது சொல்லி அனுப்பு" என்றார்.

"ஆள்காட்டி விரல்" என்றேன்.

தகேமுரா நன்றி சொல்லிவிட்டு மரப்பெட்டியைத் திறந்தார். மெல்லிய மரச் சீவல், நறுக்கிய நீலத்தாள், ஒரு கிண்ணத்தில் காய்ச்சிய பசை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆள்காட்டி விரலைப் பசையில் தொட்டார், தாளில் தடவினார், சீவலை மடித்தார், சுற்றினார். ஒரு பெட்டி வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடம். அந்தச் சிறுமி ஒரு நாளைக்கு எத்தனை ஒட்டுவாள்?"

"பத்து குரோஸ். ஒரு குரோஸுக்கு நூத்தி நாப்பத்தி நாலு." இது மட்டும் யோசிக்காமலே வாயில் வந்தது.

தாளில் பெருக்கிப் பார்த்தார். மறுபடியும் பெருக்கினார். "ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிடம். சரியாக இருபத்துநான்கு மணி நேரம். அப்படியானால் இந்தப் பிள்ளை தூங்கவில்லை. சாப்பிடவில்லை. ஒன்றுக்குக்கூடப் போகவில்லை."

ஜெபினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மோசஸ் காபித் தம்ளரை எடுக்கப் போனார்.

"என் கை மெதுவாக இருக்கலாம்" என்று அந்த அம்மாள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். நான் பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. பால் கிளறிய பிள்ளைகள் மாதிரி. எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த பெட்டிக்குத் தாள் எடுத்தார். பசை கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் உருட்டி, பிரித்து, இழை எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்த்தார். பிறகு தாளின் நடுவிலிருந்து வெளியே உள்ளங்கை ஓரத்தால் ஒரு தள்ளு. காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லை. புத்தகம் படித்துக் கற்றுக்கொண்ட கை இப்படிச் செய்யாது. பின்னால் மேஸ்திரி நின்று பார்த்தால்தான் கைக்கு இது வரும்.

"நீங்க எங்க ஒட்டினீங்க?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. "எப்படித் தெரியும்?"

அவருடைய உள்ளங்கை ஓரத்தைக் காட்டினேன். அவர் சொன்னார்.

பதினான்கு வயது. யுத்தம். பள்ளிக்கூடத்தை மூடிப் பிள்ளைகளைப் பட்டாளத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழங்கு மாவில் காய்ச்சிய பசையால் தாளோடு தாளை ஒட்ட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே. எதற்கு என்று சொல்லவில்லை. பலூன் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் வெடிகுண்டைக் கட்டிக் கடலுக்கு மேலே அமெரிக்காவுக்குப் பறக்கவிட்டார்கள். யுத்தம் முடிந்தது. அமெரிக்கப் பட்டாளத்தின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதிகாரிகளின் வீட்டிலிருந்து குப்பைக்கு வரும் பிள்ளைகள் புத்தகங்களை எடுத்து, அகராதி வைத்துப் படித்துப் படித்து ஆங்கிலம். கல்யாணம் இந்த ஊரில் சாமந்தி வளர்த்த ஒருவரோடு. பகலெல்லாம் கண்ணாடிக் கூடாரத்துக்குள் மொட்டுக் கிள்ளினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து மொழிபெயர்த்தார். கணவர் இறந்த பிறகு தோட்டத்தை விற்றாயிற்று. அந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் ஆபீஸ்கள். மோசஸ் தன் ஆபீஸ் தெருவின் பெயரைச் சொன்னார். "ஆமாம், அங்கேதான் உரக்குழி இருந்தது" என்றார் தகேமுரா.

"பலூன் இங்கே வந்ததா?" என்று ஜெபினா கேட்டாள்.

"சில வந்தன. ஓரிகான் காட்டில் ஒன்று வெடித்தது. ஐந்து பிள்ளைகள். அவர்களைக் கூட்டிப்போன ஒரு கர்ப்பிணி. நான் இங்கே குடிவந்த பிறகு பேப்பரில் படித்தேன்."

"அது நீங்க செஞ்ச பலூனா?"

"ஜெபினா!" என்றார் மோசஸ்.

"நல்ல கேள்வி" என்றார் தகேமுரா. "தெரியாது. ஒரு பலூனுக்கு அறுநூறு தாள். எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கும்."

"அதனாலதான் பிள்ளைங்களுக்குப் புக் எழுதுறீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. கதை பிடித்திருந்தது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் பசையைத் தின்றார்களா?"

"சேச்சே! நோ நோ" என்றார் மோசஸ். "குட் ஃபேக்டரி."

"நாங்கள் தின்றோம். பசி. அதிகாரி பார்க்காதபோது வாளிக்குள் கையை விட்டு" என்றார் அவர், என்னையே பார்த்தபடி.

நான் மோசஸைப் பார்த்தேன். நான் பெட்டி ஒட்டப் போன புதிதில் அவருக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அவர் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவருவார். திரும்பிப் போகும்போது எங்கள் வரிசைப் பக்கம் வந்து நிற்பார். என் பசைத் தட்டில் சுட்டுவிரலை விட்டு வழித்து நக்கிவிட்டு ஓடுவார். அந்த மனிதர் இஸ்திரிச் சட்டையில் நின்று குட் ஃபேக்டரி என்கிறார்.

"தின்னோம்" என்றேன். பிறகு அந்த அம்மாளுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில்: "ஐ ஏட்."



"சொல்லு ஜெபினா, அவங்களுக்குச் சொல்லு. மரவள்ளிக் கிழங்கு மாவு. சூடா இருக்கும்போது லேசா இனிக்கும். பிள்ளைங்க தின்னே தீத்துருதுன்னு கணக்குப்பிள்ளை மயில்துத்தத்தைக் கலக்கச் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் பசை நீலமா இருக்கும். வாயில வச்சா குமட்டும்."

"மா, யூ ஏட் க்ளூ?"

"முதல்ல அவங்களுக்குச் சொல்லுடி."

நான் தரையில் உட்கார்ந்தேன். ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்த வைத்து. எங்கள் வரிசையில் அப்படித்தான் உட்காருவோம். நீலத்தாள்களை மொத்தமாக எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி விசிறி விரித்தேன். ஒவ்வொரு தாளிலும் ஓரம் மட்டும் தெரியும். பசையை உள்ளங்கை ஓரத்தில் வாங்கி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இருபது தாளுக்கும் பசை ஆயிற்று. அப்புறம் மடிக்க, சுற்ற, உருட்டிப் போட. விரல் பசையைத் தொடவே தொடாது. விரலில் பசை ஏறினால் தாள் விரலோடு வந்துவிடும். முதுகில் ஒன்று விழும்.

பதினாறு வருஷம் ஆகியிருந்தது. முதல் இரண்டு பெட்டி கோணிக்கொண்டது. மூன்றாவதிலிருந்து கை தானாகப் போயிற்று. ஜெபினா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணினாள். பத்துப் பெட்டி, மூன்று நிமிஷம், பத்து வினாடி.

"விரலே இல்லை!" என்று தகேமுரா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினார். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்தால் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் கேள்விதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும்? முன்னால் உட்கார்ந்தவளுடைய எது கண்ணுக்குத் தெரியும்? முதுகா, சடையா? ஒட்டிய பெட்டியை வலதுபுறம் எறிவீர்களா, இடதுபுறமா? பேசிக்கொள்வீர்களா?

"பேசினா மேஸ்திரி வைவாரு."

"என்ன சொல்லி?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். "வாட் டஸ் தட் மீன்?" என்று ஜெபினா கேட்டாள்.

"உனக்கு வேண்டாம்."

கடைசியில் அவர் நோட்டை மூடிக்கொண்டு சொன்னார். எழுதியவரிடம் பேசி அந்த வரியில் விரலைக் கை என்று மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் புத்தகத்தின் பின்னால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு உண்டு. ஏன் மாற்றினேன், யார் சொன்னார்கள் என்று அதில் எழுதியாக வேண்டும். வெண்ணெய்க்குப் பிறகு அது அவருடைய விதி. ஆள் பெயர் இல்லாத தகவலை அச்சில் போடுவதில்லை. "முதலாளி மகள் சொன்னார் என்று எழுத முடியாது. அவருக்கு இது தெரிந்திருக்காது. ஒட்டியவர் சொன்னார் என்று எழுதலாமா? உங்கள் பெயரோடு? வேண்டாம் என்றால் விரலாகவே விட்டுவிடுகிறேன். கோபப்பட மாட்டேன்."

மோசஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"பேரெல்லாம் வேண்டாம் ராணி. நம்ம ஃபெலோஷிப்ல தெரிஞ்சா என் முகத்தை எங்க கொண்டு வைப்பேன்? மூணு வருஷமா பொய் சொல்லிருக்கான்னு பேசுவாங்க."

"பேசுவாங்கதான். சொன்னது பொய்தானே?"

"உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகவா? நான் கேட்டேனா?"

அவர் குழாயைத் திறந்து, மூடினார். வெளியே ஜெபினா பெட்டி ஒட்டிப் பார்க்கும் சத்தம். "ஓ மேன், இட் ஸ்டக் டு மீ!" என்றாள்.

"ஒரு நாளைக்குப் பத்து குரோஸ்" என்றேன். "எட்டு வருஷம். அதுல ஒரு பெட்டில கூட என் பேர் கிடையாது. இந்தம்மா ஒரு தடவை போடுறேங்காங்க. போடட்டும்."

அவர் மறுபடியும் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கடைசியில், "ஜப்பானீஸ்லதானே வருது" என்றார். "இங்க எவன் படிக்கப் போறான்."

அடுத்த மே மாதம் புத்தகம் தபாலில் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு சிறுமி காலைக் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சடை. வெளிச்சம் இடதுபக்கம். விசிறியாக விரித்த நீலத்தாள்மேல் உள்ளங்கை ஓரம். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் ஓரிடத்தில் தகேமுரா பென்சிலால் மெல்லக் கோடு போட்டிருந்தார். அது என் பெயராம். ஜெபினா அதைத் தடவிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் எல்லாரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பரப்பினோம். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஜெபினா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வசந்தாமணி ஆன்ட்டி முன்னால் நிற்கிறாள். ஆன்ட்டி டாக்டர் வீட்டம்மா. சபையில் அவர் காதுக்குப் போனது எல்லார் காதுக்கும் போகும்.

"திஸ் இஸ் மை மாம்ஸ் நேம், ஆன்ட்டி. ஷி கேன் டூ டென் பாக்ஸஸ் இன் த்ரீ மினிட்ஸ்!" பேப்பர் நாப்கின்களை மேசையில் விசிறி விரித்து, கெட்டித் தயிரை உள்ளங்கை ஓரத்தில் எடுத்து இழுத்தும் காட்டிவிட்டாள்.

சிரித்தார்கள். வசந்தாமணி ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "ஏன் ராணி, உங்க ஃபேக்டரில லேபர் பண்றதைப் பார்த்தே கத்துக்கிட்டியா? ஸ்மார்ட்!"

நல்ல மனுஷிதான். நான் தப்பிக்க வழியையும் அவரே திறந்து வைத்துவிட்டார். ஆமா ஆன்ட்டி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மேசைக்கு அந்தப் பக்கம் மோசஸ் பிரியாணிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஜெபினாவும் என்னைப் பார்த்தாள். கையிலிருந்து தயிர் வடிந்தது. அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும் என்கிற மாதிரி நின்றாள்.

"இல்ல ஆன்ட்டி. நான்தான் அந்த லேபர். ஏழு வயசுல இருந்து. எங்கப்பா அங்க மூட்டை தூக்கினாங்க."

"ஓ" என்றார் ஆன்ட்டி. அவர் கண் மோசஸிடம் போய்த் திரும்பியது. "ஓ. அப்படியா." பிறகு குனிந்து நாப்கினால் ஜெபினாவின் கையைத் துடைத்துவிட்டார். யாரோ அப்பளம் எங்கே என்று கேட்டார்கள். சாப்பாடு நடந்தது. எங்கள் மேசையில் வழக்கமாக உட்காரும் இரண்டு குடும்பம் அன்றைக்கு வேறு மேசையில் உட்கார்ந்தது.

திரும்பும்போது மோசஸ்தான் கார் ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறினார். இரண்டு எக்ஸிட் கடந்தது. நான் பேச வேண்டியதைப் பேசியாயிற்று.

பின்சீட்டில் ஜெபினா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "டாட், உங்க அம்மா த்ரீ மினிட்ஸ்ல எத்தனை பாக்ஸ் ஒட்டுவாங்க? மாமை விட ஃபாஸ்டா?"

மோசஸ் லேன் மாறினார்.

"டாட்?"

"எங்கம்மா பெட்டி ஒட்டல" என்றார் மோசஸ், ரோட்டைப் பார்த்தபடி. "தப்பாச் சொல்லாத. எங்கம்மா கட்டை அடுக்குனாங்க. அது வேற வேலை."

"வாட்ஸ் கட்டை?"

"மருந்து முக்கறதுக்கு முன்னாடி குச்சியெல்லாம் வரிசையா நிக்கணும்ல? மரச் சட்டத்துல பள்ளம் பள்ளமா இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு குச்சி."

"எந்தக் கையால வைப்பாங்க?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து இடதுகையை எடுத்தார். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, காற்றில் எதையோ அள்ளி, வரிசையாக உதிர்த்துக் காட்டினார். ஒரு தடவை. சரியாக வரவில்லை போலிருக்கிறது. மறுபடியும் செய்தார்.

"என்னங்க, நம்ம எக்ஸிட்" என்றேன்.

"போகட்டும்" என்றார். "அடுத்ததுல திரும்பிக்கலாம். பாரு ஜெபி, இப்படி."